ஆளுக்கொரு சீட்டு

வேட்டைக்காரர் கூட்டத்தில் அன்றைக்குக் கை தட்டாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். ஊர் விடுதியின் பின்மண்டபத்தில் அறுபது பேர் வரை இருந்தோம். வேட்டைக் காவலர் எழுந்து நின்று கடிதத்தை வாசித்தார். வருகிற செப்டெம்பரிலிருந்து காட்டுச் செம்மறிக்குக் குலுக்கல் கிடையாது. வேட்டை உரிமம் உள்ள எவர் கேட்டாலும் சீட்டு உண்டு. கிடாயும் சுடலாம், மறியும் சுடலாம், குட்டியோடு நிற்கிற மறியை மட்டும் விட வேண்டும். எத்தனை பேருக்கு என்ற வரம்பு இல்லை. அவர் வாசித்து முடிக்க முன்னமே கைதட்டல் தொடங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த என் கூட்டாளியும் தட்டினான். மற்றவர்கள் தட்டியது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவன் தட்டியதுதான் சுட்டது.

நான் இருக்கிற ஊர் சுவிஸில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், பிரெஞ்சு பேசுகிற பக்கத்தில் இருக்கிறது. எங்கள் மலை முகட்டைத் தாண்டினால் பிரான்ஸ். இந்தச் செம்மறிகள் இங்கத்தைய பிராணிகள் அல்ல. எந்தக் காலத்திலோ அந்தப் பக்கத்தில் யாரோ கொண்டுவந்து விட்டவை, புல் தேடி முகட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து பெருகிவிட்டன. ஊர் மிருகங்களின் மேய்ச்சலை அவை பறிக்கின்றன என்பதுதான் கன்டோன், அதாவது எங்கள் மாநில அரசு, சொன்ன காரணம்.

"எங்கட மிருகமில்லைத்தானே. வந்த வழியாலயே போகட்டும்" என்று முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பியவரின் கண்ணில் நான் பட்டேன். அந்த மண்டபத்தில் கறுத்த முகம் என்னுடையது மட்டும்தான். மனிதர் தடுமாறிப்போய், "உன்னைச் சொல்லேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பிரெஞ்சில்தான் சொன்னார். ஆனால் பிரெஞ்சில் கேட்பதெல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகித்தான் நிற்கும், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் சொன்னதற்காக அல்ல, திருத்தியதற்காக. உண்மையைச் சொன்னால், நானும் அந்தப் பக்கத்தால்தான் வந்தவன், ஒரு வான் வண்டியின் பின்பகுதியில் சாமான்களோடு சாமானாக. ஆனால் ஒரு செம்மறியைப் பார்த்து என் கதையை நினைத்துக் கண்ணீர் விட்டது கிடையாது. ஆட்டைக் கண்டால் எனக்குக் கறிதான் நினைவுக்கு வரும். இந்த ஊர்ச் சனங்கள் நல்லவர்கள், ஆனால் எனக்கு எது நோகும் என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். உண்மையில் நொந்தது எது என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அதைச் சொல்வதென்றால் குலுக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் செம்மறிக்குச் சில சீட்டுகள்தான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு விண்ணப்பம் போடலாம். விழுந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டு, ஒரே ஆடு. நானும் கூட்டாளியும் அப்படித்தான் ஏழு வருடம் போட்டோம், மூன்று தடவை விழுந்தது. விழாத வருடங்களிலும் வேட்டைத் துவக்கு இல்லாமல், தொலைநோக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு போய், செம்மறி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம். அவனுக்கு மான் வேட்டைக்கு மனைவியின் சகோதரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். குலுக்கலில் காத்துக் கிடக்கிற பொறுமை அவர்களுக்கு இல்லாததால், செம்மறிக்கு மட்டும் நான்.

வருடத்தில் ஒரு கிழமை. அதுதான் என்னுடையது. அந்த ஒரு கிழமையில் நான் ஒருவனோடு சேர்ந்து நடந்தேன், சேர்ந்து சாப்பிட்டேன், சேர்ந்து பேசாமல் இருந்தேன். மிச்சம் ஐம்பத்தொரு கிழமையும் பேசாமல் இருப்பதற்கு எனக்கு ஆள் தேவைப்பட்டதில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை.

மனைவி தூரத்தில், நொஷாட்டல் நகரத்தில் இருக்கிறாள். மகள் அங்கே படிக்கப் போனபோது, பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று ஆறு மாதத்துக்குப் போனவள். அங்கே கதைக்கத் தமிழ்ச் சனம் இருக்கிறது, வெள்ளிக்கிழமையில் கூடுகிற கூட்டம் இருக்கிறது, அவளுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. அங்கேயே தங்கிவிட்டாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்போம். எங்கள் ஊரில் தமிழன் என்று நான் ஒருவன்தான், அவளும் மகளும் இங்கே இருந்த காலத்தில் மூன்று பேர் இருந்தோம். எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை. உப்பில்லாத சூப், சீனியில்லாத களி, பல்லில்லாதவர்களுக்கு அரைத்த கரட். அதை விட்டுவிட்டுப் போக ஏலாது என்று அவளிடம் சொன்னேன். அது உண்மைதான்.

கூட்டாளி அதே ஆஸ்பத்திரியில் கொதிகலன், தண்ணீர்க்குழாய், கதவு, லிஃப்ட் எல்லாம் திருத்துகிறவன். என்னைவிட இரண்டு வயது இளையவன், அதிகம் பேசாத மனிதன். ஒருநாள் என் நீராவி அடுப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அடுப்புக்குள் தலையை விட்டபடியே, "ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வாறியோ? தூரத்தில நிக்கிறதைப் பார்க்க எனக்குக் கண் காணாது" என்று கேட்டான். என் கண் நல்ல கண். போனேன். முதல் நாளே அவன் பாறை என்று நினைத்துக் கடந்துபோன இடத்தில் நாலு செம்மறி படுத்திருப்பதைக் காட்டினேன். அவனுக்கு அது பெரிய காரியமாகிவிட்டது.

பிறகு நானும் வேட்டைப் பரீட்சை எழுதினேன். இரண்டு வருடம் படிக்க வேண்டும், சனிக்கிழமைகளில் மலைக்குப் போய்ப் பற்றை வெட்டி மேய்ச்சல் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். அந்த மணித்தியாலங்களை முடித்துக் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சை. பிராணியின் பல்லைப் பார்த்து வயது சொல்வது, காலடியைப் பார்த்து இனம் சொல்வது, எல்லாம் பிரெஞ்சில். மனைவி அப்போது இங்கேதான் இருந்தாள். நான் துவக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் அதைத் தொடாமல், தள்ளி நின்று பார்த்தாள்.

"துவக்குக்குத் தப்பி ஓடி வந்து, காசு குடுத்துத் துவக்கு வாங்கிறியளோ?" என்றாள்.

துவக்கை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எனக்குத் துவக்கில் ஆசை இருந்ததே இல்லை. அந்தக் கிழமை வேண்டுமென்றால் அது வேண்டும், அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். மனைவியிடம் போய், எனக்கு ஒரு கூட்டாளி தேவைப்படுகிறது என்று எந்த ஆம்பிளை சொல்வான்?

எங்கள் வேலை முறை இப்படி. ஒருவன் துவக்கோடு குப்புறப் படுப்பான். மற்றவன் அவன் காலடியில் தொலைநோக்கியோடு இருப்பான். கிடாயின் கொம்பில் வருடத்துக்கொரு வளையம் இருக்கும், அதை எண்ண வேண்டும். பின்னால் குட்டி நிற்கிறதா, அப்பால் மனிதர் யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். துவக்குக் கண்ணாடிக்குள் பார்க்கிறவனுக்கு ஆட்டைத் தவிர ஒன்றும் தெரியாது, உலகம் முழுவதையும் மற்றவன்தான் பார்க்கிறான். வாய் திறந்தால் ஆடு ஓடிவிடும். ஆகவே படுத்திருப்பவனின் சப்பாத்துக் குதியில் விரலால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் வேண்டாம். இரண்டு தட்டு என்றால் சுடு. தட்டு வரும்வரைக்கும் விரல் விசைக்குப் போகக்கூடாது. இதை நாங்கள் பேசி வைத்ததாக நினைவில்லை, தானாக வந்தது.

முதல் ஆடு விழுந்தபோது நான் ஒரு கூத்து அடித்தேன். கூட்டாளி சின்னத் தேவதாருக் கிளை ஒன்றை ஒடித்துச் செத்த கிடாயின் வாயில் வைத்தான். அது அவர்கள் வழக்கம், பிராணிக்குக் கடைசி வாய் உணவு கொடுப்பது. எனக்கு அதைப் பார்த்ததும் மேலெல்லாம் சிலிர்த்தது. வாய்க்கரிசி! தொப்பியைக் கழற்றினேன். அடுத்து நான்தானே போட வேண்டும் என்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு கிள்ளுச் சோறெடுத்து அதன் வாயில் வைத்துவிட்டேன். கையோடு பருப்பும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கூட்டாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சோற்றை எடுத்து எறியவில்லை. கீழே வந்ததும் சாப்பிட இருந்தவனிடம், செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகாமல் சாப்பிடக்கூடாது என்று சொல்லி, நான் ஓடைத் தண்ணீரில் இறங்கினேன். பனி உருகி வருகிற தண்ணீர். உயிர் போய்விட்டது. அடுத்த தடவை சீட்டு விழுந்த வருடம், ஆட்டை இறக்கி வைத்துவிட்டு அவனாகவே என்னைப் பார்த்து, "முழுகேல்லையோ?" என்று கேட்டான். முகத்தில் சிரிப்பே இல்லை. அப்படி ஒரு பகிடிக்காரன்.

இதுதான் அந்தக் கைதட்டலில் போனது. இரண்டு பேருக்கு ஒரு சீட்டு இருந்தவரைக்கும் இரண்டு பேரும் தேவைப்பட்டோம். இனி ஆளுக்கொரு சீட்டு.

ஜூன் மாதக் கடைசியில், ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் சாமான் இறக்குகிற இடத்தில் வைத்து அவன் அந்தக் கதையை எடுத்தான். நான் உருளைக்கிழங்கு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மச்சான்மார் மூண்டு பேரும் செம்மறிச் சீட்டு எடுத்திட்டாங்கள். நானும் எடுத்திட்டன். நீயும் எங்களோட வாவன்" என்றான்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதே நேரம் வாய் தன் வேலையைச் செய்தது.

"சேச்சே, நீங்கள் குடும்பமாப் போங்கோ. நான் என்னத்துக்கு இடையில?"

"சரி" என்றான். அவன் பையிலிருந்த திருகாணிகள் குலுங்க உள்ளே போய்விட்டான்.

தமிழனாகப் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்பார்கள். வேண்டாம் என்போம். இல்லை, கொஞ்சம் குடியுங்கோ என்பார்கள். ஐயோ, இப்பதான் குடிச்சனான் என்போம். அடுப்பில் தண்ணீர் அதற்குள் கொதித்துவிடும். முதல் வேண்டாம் என்பது வேண்டாம் அல்ல, மரியாதை. கேட்டவுடனே சரி என்று விழுந்தடித்துப் போகிறவனை எங்கள் ஆட்கள் காணாததைக் கண்டவன் என்பார்கள். கூட்டாளி இரண்டாம் முறை கேட்பான், நான் கொஞ்சம் இழுப்பேன், மூன்றாம் முறை தோளில் அடிப்பான், நான் போவேன். எல்லாம் என் மனதில் ஒழுங்காக இருந்தது.

இந்த நாட்டில் அது செல்லாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வந்த புதிதில் ஒரு சுவிஸ் வீட்டில் கேக் வேண்டாம் என்றேன். கேக் போய்விட்டது. நீட்டிய தட்டு திரும்பிப் போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே பசியோடு இருந்தேன். அதற்குப் பிறகு பாண், சீஸ், வைன், எதையும் முதல் தடவையே வாங்கிவிடுவேன். ஆனால் அதெல்லாம் அந்நியரிடம். இவன் ஏழு வருடம் என்னோடு சீட்டுப் போட்டவன், என் குதியில் தட்டியவன். இவனிடமும் அந்நியனைப்போல நடக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அங்கேதான் நான் பிழை விட்டேன்.

ஜூலை முழுக்கக் காத்திருந்தேன். அவன் சமையலறைக்கு வருகிற போதெல்லாம் வேலையை மெதுவாக்கினேன். பாத்திரம் கழுவுகிற யந்திரத்தில் இல்லாத கோளாறு ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தான், பார்த்தான், ஒன்றும் இல்லை என்றான், போனான். ஆகஸ்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்ற நிலையிலேயே நாலைச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னான். சுடுபயிற்சித் திடலில் ஒருநாள் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம். இம்முறை மழை குறைவு, மேலே புல் காய்ந்துவிட்டது, செம்மறி ஓடைப் பக்கம் இறங்கும் என்றான். நான் ஓம் என்றேன். அவன் வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையை அடுப்பில் ஓங்கி வைத்ததில் கைப்பிடி கழன்றது.

நானும் ஒரு சீட்டு எடுத்தேன். எடுக்காமல் விட்டால், எனக்கு விருப்பமில்லை என்று அவன் நினைத்துவிடுவான் அல்லவா? பதினைந்து நிமிட வேலை. பெயரைச் சொன்னேன், காசைக் கட்டினேன், ஆட்டின் காலில் கட்டுகிற அந்தச் சின்னச் சீட்டைத் தந்தார்கள். குலுக்கல் காலத்தில் அந்தச் சீட்டு வந்தால் இருவரும் கோப்பிக்கடையில் போய் அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். இதைச் சட்டைப் பைக்குள் வைத்ததை மறந்து துவைக்கப் போட்டுவிட்டேன். நல்ல காலம், அது தண்ணீரில் கரையாத சாமான்.

செப்டெம்பரில் அந்தக் கிழமை வந்தது. தனியாகப் போனேன்.

விடியும்போது மேலே இருந்தேன். வழக்கமாக அந்தப் பாதையில் எங்கள் கார் ஒன்றுதான் நிற்கும். அன்றைக்குப் பதினேழு கார்களை எண்ணினேன். மலையில் ஆடுகளைவிட மனிதர் அதிகம். வெளிச்சம் வந்த கையோடு வெடிச்சத்தம் தொடங்கியது, ஒன்று அங்கே, இரண்டு இங்கே, எதிரொலி எது, வெடி எது என்று தெரியாமல். இருவராகப் போன காலத்தில் ஒரு கிழமைக்கு ஒரு வெடிதான் கேட்டிருக்கிறேன். முகட்டில் ஒரு செம்மறிக் கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரான்ஸ் பக்கம் இறங்கிப் போனதைப் பார்த்தேன். அறிவுள்ள ஆடுகள்.

நாங்கள் வழக்கமாக இருக்கிற பாறைக்குப் பின்னால் போய் இருந்தேன். பத்து மணிபோல் சாப்பிட்டேன். புளிச்சோறு. யாரும் அதை எட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்கவில்லை. சொன்னால் சின்ன விஷயம். ஆனால் அன்று பாதியிலேயே பெட்டியை மூடினேன். தனிமை என்பதை நான் வீட்டுச் சாமான்போலப் பழகியவன், இருக்கிற இடத்தில் இருக்கும், நானும் இடறாமல் சுற்றிப் போவேன். அந்த மலையில் அது என்மேல் ஏறி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வேட்டை உடுப்போடு, தொப்பியோடு, ஐம்பத்து நாலு வயது மனிதன் பாறைக்குப் பின்னால் இருந்து அழுதேன். எழுதத்தானே இருக்கிறேன், மறைப்பானேன்.

மதியத்துக்குப் பிறகு, கீழே பற்றைக்குள்ளிருந்து ஒரு கிடாய் வெளியே வந்தது. முதுகில் சேணம் போட்டதுபோல வெள்ளைத் திட்டு, கொம்பு சுருண்டு கன்னத்தைத் தொட்டது. தனியாக வந்தது. பின்னால் மறியும் இல்லை, குட்டியும் இல்லை. நூற்றைம்பது மீற்றர் இருக்காது. பக்கத்தைக் காட்டி நின்று, தலையைக் குனிந்து புல் கடித்தது. நான் படுத்தேன். கண்ணாடிக்குள் அதன் தோள் நடுவில் நின்றது. காற்று என் முகத்துக்கு அடித்தது. ஒரு தடையும் இல்லை. சீட்டு பையில் இருந்தது.

நான் காத்திருந்தேன். எதற்கென்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை. மூச்சை விட்டேன், பிடித்தேன். கிடாய் ஓரடி நகர்ந்தது, இன்னும் நன்றாக நின்றது. குதிக்கால் கூசியது. அப்போதுதான் விளங்கியது, யாரோ என் சப்பாத்தில் தட்டுவார்கள் என்று படுத்திருக்கிறேன். தட்ட ஆளில்லை என்று மூளைக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை. கிடாய் வயிறாற மேய்ந்துவிட்டு, அவசரமில்லாமல் பற்றைக்குள் போய்விட்டது.

எழும்பி உட்கார்ந்து, தொலைநோக்கியால் எதிர்ச்சரிவைப் பார்த்தேன். ஆட்டைத் தேடவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் நாலு பேரும் இருந்தார்கள். மச்சான்காரர் ஒருவர் சொசேஜ் வெட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் போத்தலைத் திறந்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் கூட்டாளியும் சிரித்தான், பல் தெரிய. என்னோடு இருந்த ஏழு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்கள் எழும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கீழே இறங்கினேன். வேட்டைக் காவலர் பிராணிகளை அளந்து பதிகிற இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. எனக்கு அங்கே வேலை இல்லை, காட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் நிறுத்தினேன். கூட்டாளியின் காரின் பின்பகுதியில் இரண்டு மறிகளும் ஒரு கிடாயும் கிடந்தன. அவன் என்னைக் கண்டதும் மச்சான்மாரை விட்டுவிட்டு வந்தான்.

"அந்தப் பெரிய கிடாயை ஏன் விட்டனி?" என்று கேட்டான். "உனக்கு முன்னால நிண்டதை நான் தொலைநோக்கியால பார்த்தனான். அஞ்சு நிமிசம் நிண்டது."

அப்படியென்றால் அவனும் என்னைப் பார்த்திருக்கிறான். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஒருத்தரும் தட்டேல்லை" என்றேன்.

அவன் தன் கையைப் பார்த்தான்.

"நீதானே வரமாட்டன் எண்டனி."

"ஒருக்காத்தானே கேட்டனி!" என் குரல் உயர்ந்துவிட்டது. காவலர் திரும்பிப் பார்த்தார்.

"எத்தினைதரம் கேக்கவேணும்?"

"குறைஞ்சது ரெண்டுதரம்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான். நான் பகிடி விடவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். "இல்லை எண்டால் இல்லை எண்டுதான் நான் நினைச்சனான்" என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

வெட்கத்தை விட்டேன். வாழ்க்கையில் நான் அப்படி யாரிடமும் கேட்டதில்லை, வேலைகூட எனக்கு வேறொருவர் கேட்டு வாங்கித் தந்ததுதான். "அடுத்த வருஷம் நானும் உங்களோட வரட்டோ?" என்று கேட்டேன்.

அவன் தன் காரைத் திரும்பிப் பார்த்தான். மச்சான்மார் இரத்தம் படாமல் கீழே விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "காரில இடமில்லை" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "இவங்களுக்கு இது பிடிச்சுப்போச்சு. இனி ஒவ்வொரு வருஷமும் வருவாங்கள். நாலு பேர், சாமான், ஆடு. இடமில்லை."

நான் அசையாமல் நின்றேன். இன்னொரு வார்த்தை வரும் என்று நின்றேன். அவன் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். இடமில்லை என்றால் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி போன் எடுத்தாள். ஆடு கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். வழக்கமாக அதோடு மகளின் படிப்பு, மழை, முழங்கால் நோவு என்று போவோம். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. மூட்டை எண்ணிய இடத்தில் தொடங்கி, கார் நின்ற இடம்வரை எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு வருடப் பழக்கம், ஒரேயொருக்காக் கேட்டுவிட்டு விட்டுவிட்டான், இதெல்லாம் ஒரு மனிதனா என்று முடித்தேன்.

"நீங்கள் என்னை எத்தினைதரம் கேட்டனீங்கள்?" என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஆறு மாதம் முடிய, திரும்பி வாறியோ எண்டு கேட்டனீங்கள். நான் இல்லை எண்டனான். சரி எண்டு போனை வைச்சிட்டீங்கள். பிறகு நான் எத்தினை ஞாயிறு பார்த்தனான் தெரியுமே?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். நான் சரி என்றது உண்மை. அவள் முடிவில் தலையிடக்கூடாது, அவளுக்கு அங்கே ஒரு வாழ்க்கை கிடைத்திருக்கிறது என்று பெரிய மனதோடு விட்டதாகத்தான் இத்தனை காலமும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமான் இறக்குகிற இடத்தில் கூட்டாளி சொன்ன சரிக்கும், நான் சொன்ன சரிக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். அவனுக்காவது அவன் நாட்டு வழக்கம் என்று ஒரு சாட்டு இருந்தது.

அவள் பக்கத்தில் குக்கர் கூவுகிற சத்தம் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை.

"இஞ்ச திரும்பி வாறியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. எனக்கு இஞ்ச வேலை இருக்கு" என்றாள்.

"வாவன்" என்றேன்.